ஸ்டார் எத்தனை பாஸ்?

இந்த வாரம் கிரிக்கெட்டுக்கு லீவு விட்டுட்டு ஃபுட்பால் பேசலாம் வாங்க. உடனே மெஸ்ஸியா ரொனால்டோவான்னு ஆரம்பிச்சிடாதீங்க. இது அமெரிக்கன் ஃபுட்பால். தலையில் ஹெல்மெட், தோளில் தலையணை சைஸுக்குக் கவசம், கையில் முட்டை வடிவப் பந்து. டீமுக்கு 11 பேர், மோதித் தள்ளிக்கொண்டே எதிராளியின் எல்லைக்குள் போகணும். அம்புட்டுதான் விளையாட்டு!

அதிலும் நாம பார்க்கப் போறது காலேஜ் ஆட்டம். ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் 1897-லிருந்து மோதிக்கிற பரம எதிரிகள். வழக்கமா நவம்பர் கடைசி சனிக்கிழமை நடக்கும் இந்த ஆட்டத்துக்குப் பேரே 'தி கேம்'தான். ரெண்டு காலேஜ் ஸ்டேடியத்திலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அந்த வாரம் ஒஹாயோ கேம்பஸில் 'எம்' என்ற எழுத்து எங்கே இருந்தாலும் சிவப்பு டேப் ஒட்டி அடிச்சிடுவாங்க. பகைன்னா அப்படி ஒரு பகை!

இந்த ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு பக்க ரசிகர்களும் தவறாம செய்யற ஒரு வேலை உண்டு. ரெண்டு டீமையும் பொசிஷன் பொசிஷனா எதிரெதிரே நிறுத்தி, யாருக்கு எத்தனை ஸ்டார்னு கூட்டிப் பார்ப்பாங்க. நாமும் பார்த்துடுவோமா?

அது என்ன ஸ்டார்?

ஸ்கூல் படிக்கும்போதே பசங்களுக்கு மார்க் போட அங்கே கம்பெனிகள் இருக்கு. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். இப்படி. பையனோட உயரம், எடை, ஓடும் வேகம், ஆட்ட வீடியோ எல்லாம் பார்த்து 2 ஸ்டாரிலிருந்து 5 ஸ்டார் வரை கொடுப்பாங்க. 247ஸ்போர்ட்ஸ் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 32 பேருக்குத்தான் 5 ஸ்டார். ஏன் 32? தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். டிராஃப்டில் முதல் ரவுண்டில் 32 இடம். அந்த இடத்துக்குப் போகிற சரக்கு இருக்குன்னு 17 வயசிலேயே சொல்லிடறாங்க! நம்ம ஊர் கட்-ஆஃப் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். ஒரே வித்தியாசம், இங்கே பரீட்சையே எழுதாமல் மார்க் வந்துவிடும்.

2021 ஜூலைக்கு அப்புறம் மாணவ வீரர்கள் தங்கள் பேரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம்னு விதி மாறியது. அதுக்கப்புறம் ஸ்டார்னா வெறும் கௌரவம் இல்லை பாஸ். துட்டு!

சோதனைக்கு 2024 நவம்பர் 30 ஆட்டத்தை எடுத்துக்கிட்டேன். 2021, 2022, 2023-லும் மிச்சிகன்தான் ஜெயிச்சது. ஆனால் அந்த வருஷங்கள் மேல் எதிரணி சிக்னலைத் திருடிய விவகாரத்தின் நிழல் விழுந்திருக்கு. 2024-ல் அந்தச் சாக்கு சொல்ல முடியாது.

குவார்ட்டர்பேக்

டீமின் மூளை. ஒஹாயோவுக்கு வில் ஹோவர்ட். கான்சாஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர், ஸ்கூலில் 3 ஸ்டார். மிச்சிகனுக்கு டேவிஸ் வாரன். ஸ்டார்? பூஜ்யம்! ஸ்காலர்ஷிப் இல்லாமல் சும்மா வந்து சேர்ந்த 'வாக்-ஆன்'. ஸ்கூல் காலத்தில் 2019-ல் ரத்தப் புற்றுநோய். மீண்டு வந்தால் கோவிட் வந்து அடுத்த சீசனைத் தின்றுவிட்டது. வீடியோ இருந்தால்தானே ஸ்டார் கொடுப்பாங்க?

ஸ்டார் கணக்கில் ஜெயிப்பு: ஒஹாயோ.

ரன்னிங் பேக்

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி ஓடுகிறவர். ஒஹாயோவின் ட்ரெவேயான் ஹெண்டர்சன் 5 ஸ்டார். கூடவே ஓல் மிஸ்ஸிலிருந்து வந்த குவின்ஷான் ஜட்கின்ஸ். மிச்சிகனில் கலெல் முல்லிங்ஸ். இவருக்கு ஸ்கூலில் 4 ஸ்டார் கொடுத்தது லைன்பேக்கராக. அதாவது ஓடுகிறவனைப் பிடிக்கிற ஆள்! காலேஜுக்கு வந்த பிறகு ஓடுகிறவராகவே மாறிட்டார். அப்போ அந்த 4 ஸ்டாரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இங்கேயே நம்ம கால்குலேட்டர் லேசா திணற ஆரம்பிக்குது.

ஜெயிப்பு: ஒஹாயோ.

ரிசீவர்

இது போட்டியே இல்லை. ஜெரமையா ஸ்மித் 2024 பேட்ச்சில் நாட்டுக்கே நம்பர் 1. பக்கத்தில் இன்னொரு 5 ஸ்டார், எமேகா எக்புகா. மிச்சிகனில் பந்தைப் பிடிக்கிறதில் பெரிய கையான கோல்ஸ்டன் லவ்லேண்ட் காயத்தால் பெஞ்சில்.

ஜெயிப்பு: ஒஹாயோ. சிம்பிள்!

டிஃபன்சிவ் லைன்

எதிரணியை முன்வரிசையிலேயே மடக்குகிற மலைகள். ஒஹாயோவில் ஜே.டி.துயிமொலாவ், ஜாக் சாயர். ரெண்டு பேருமே 5 ஸ்டார். மிச்சிகனில் 4 ஸ்டார் மேசன் கிரஹாம், 3 ஸ்டார் கென்னத் கிராண்ட். பேப்பரில் ஒஹாயோதான்.

ஆனால் 2025 டிராஃப்ட் என்ன சொல்லிச்சு தெரியுமா? கிரஹாம் 5-வது ஆள், கிராண்ட் 13-வது ஆள். துயிமொலாவ் ரெண்டாவது ரவுண்ட், சாயர் நாலாவது ரவுண்ட். அப்படியே தலைகீழ்! காரணம் ரொம்பக் கஷ்டமானது இல்லை. ரிசீவரின் வேகம் 17 வயசிலேயே கண்ணுக்குத் தெரியும். லைனில் நிற்கிற பையன் இன்னும் முழுசா வளர்ந்தே முடிக்கலை. ரெண்டு மூணு வருஷம் ஜிம்மில் இரும்பு தூக்கினால் அவன் வேறு ஆள். எவன் தூக்குவான், எவன் தூங்குவான்னு யாருக்குத் தெரியும்?

ஆஃபன்சிவ் லைன்

குவார்ட்டர்பேக்குக்குக் காவல் நிற்கிற அஞ்சு பேர். டி.வி-யில் யாரும் இவங்களைப் பார்க்கறதே இல்லை. ஒஹாயோவில் 5 ஸ்டார் டோனவன் ஜாக்சன் இருந்தார். ஆனால் ஜோஷ் சிம்மன்ஸ், சென்டர் செத் மெக்லாலின் ரெண்டு பேரும் காயத்தால் சீசனையே இழந்திருந்தாங்க. சிம்மன்ஸ் இடத்தை அடைக்க ஜாக்சன் பழகின இடத்தை விட்டு நகர வேண்டியதாப் போச்சு. ஸ்டார் லிஸ்டில் ஆளின் பேர் இருக்கும். ஆள் ஊன்றுகோலோடு நிற்கிறது இருக்காது.

ஜெயிப்பு: பேப்பரில் ஒஹாயோ.

பின்வரிசை

ஒஹாயோவில் அலபாமாவிலிருந்து வந்த 5 ஸ்டார் கேலப் டவுன்ஸ். மிச்சிகனின் 5 ஸ்டார் வில் ஜான்சன் காயம். ஆடியவர்களில் ஒருத்தர் ஆமிர் ஹால், ஆல்பனி என்ற சின்ன காலேஜிலிருந்து மாறி வந்தவர்.

ஜெயிப்பு: கேட்கவே வேணாம்.

கிக்கர்

இந்தப் பொசிஷனை ஸ்டார் கம்பெனிகள் பெரிசா கண்டுக்கவே மாட்டாங்க. மிச்சிகனில் டொமினிக் ஸ்வாடா, ஆர்கன்சா ஸ்டேட்டிலிருந்து வந்தவர். சரி விடுங்க, கிக்கர்தானே!

ஆக, ஸ்கோர்ஷீட்டில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டத்திலும் ஒஹாயோ. பந்தயம் கட்டறவங்க கணக்கிலும் சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஒஹாயோதான். அதுவும் ஆட்டம் சொந்த ஊர் கொலம்பஸில்.

ரிசல்ட்? மிச்சிகன் 13, ஒஹாயோ 10!

எப்படி? ஆமிர் ஹால் ஒரு பந்தைத் திருடி எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். முல்லிங்ஸ் அதை டச்டவுன் ஆக்கினார். கிரஹாம், கிராண்ட் கூட்டணி நடுவில் சுவர் கட்டியதில் ஒஹாயோ ஓடி எடுத்தது மொத்தம் 77 யார்டு. முல்லிங்ஸ் ஒருத்தரே 116 யார்டு. ஒஹாயோவின் கிக்கர் 40 யார்டுக்கு உள்ளே இருந்து ரெண்டு கிக்கைக் கோட்டைவிட்டார். நாம 'கிக்கர்தானே'ன்னு விட்ட ஸ்வாடா ஒன்றை 54 யார்டிலிருந்து அடித்தார். 45 விநாடி பாக்கி இருக்கும்போது ஜெயிக்கிற கிக்கையும் அவரே போட்டார்.

நம்ம பூஜ்ய ஸ்டார் வாரன்? எறிந்தது மொத்தமே 62 யார்டு. ரெண்டு பந்தை எதிரணிக்குத் தாரை வார்த்தார். ஹீரோயிசம் எல்லாம் ஒண்ணும் இல்லை. ஆனாலும் ஜெயிச்ச டீமின் குவார்ட்டர்பேக் அவர்தான்.

அப்போ ஸ்டார் எல்லாம் டூப்பா?

இங்கேதான் நான் பிரேக் போடறேன். அதே ஒஹாயோ டீம், அதே லிஸ்ட். தோற்ற பிறகு பிளே-ஆஃபில் டென்னசி, ஓரிகன், டெக்சாஸ்னு வரிசையா சாய்த்துவிட்டு, 2025 ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34-23 என அடித்து நேஷனல் சாம்பியன் ஆனது. ஆட்டத்தை முடித்துவைத்தது ஜெரமையா ஸ்மித் பிடித்த 56 யார்டு பந்து. தி கேம் முடிந்து 51-வது நாள்! நாலு பெரிய ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்கணும்னா, ஒருத்தன் சறுக்கினால் தூக்கி நிறுத்த இன்னொரு 5 ஸ்டார் வேணும். ஸ்டார் கணக்கு பொய் சொல்லலை. அது முழு சீசனுக்கான கணக்கு. நாமதான் அதை ஒரு சனிக்கிழமைக்கு ஜோசியமா ஆக்கிட்டோம்.

2025-ல் கதை அப்படியே திரும்பியது. இந்தத் தடவை மிச்சிகனின் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட். அந்த பேட்ச்சில் நாட்டுக்கே நம்பர் 1. அவரை இழுக்கப் பல மில்லியன் டாலர் பேசப்பட்டதாகச் செய்திகள் வந்தன. சொந்த மைதானம் வேறு. 27-9 என ஒஹாயோ ஜெயித்தது. மிச்சிகனுக்கு ஒரு டச்டவுன்கூட இல்லை, மூணே மூணு ஃபீல்டு கோல். நம்பர் 1 பையன் எறிந்தது 100 யார்டைத் தாண்டலை. பூஜ்ய ஸ்டார் ஜெயித்த இடத்தில் 5 ஸ்டார் தோற்றார். அதுக்காக அண்டர்வுட் மோசமான ஆட்டக்காரர்னு சொன்னால் அதுவும் தப்பு. முதல் வருஷ மாணவர் பாஸ் அவர்!

இன்னொரு மேட்டரும் சொல்லிடறேன். காலேஜ் ஃபுட்பாலில் 'ப்ளூ-சிப் ரேஷியோ'ன்னு ஒரு கணக்கு உண்டு. சேர்த்த பசங்களில் பாதிக்கு மேல் 4 ஸ்டார், 5 ஸ்டாரா இருந்தால்தான் நேஷனல் சாம்பியன் ஆக முடியும்னு சொல்வாங்க. வருஷக்கணக்கில் தப்பாத விதி. 2026 ஜனவரியில் இண்டியானா அதை உடைத்துவிட்டது. பாதிக்குப் பக்கத்தில்கூட இல்லாத டீம், ஒரு ஆட்டமும் தோற்காமல் மயாமியை 27-21 என வென்றது. அதன் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசாவை ஸ்கூல் முடிக்கும்போது பெரிய டீம்கள் கண்டுக்கலை. 2025-ன் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் டிராஃபி அவர் கையில்.

இவ்வளவு கூட்டிக் கழிச்சதில் எனக்குக் கிடைச்ச விடை இதுதான். ஸ்டார் என்பது 17 வயசில் எடுத்த ஒரு போட்டோ. போட்டோ பெரும்பாலும் நல்லாத்தான் விழுது. ஆனால் அதுக்கப்புறம் வளர்ந்த தசை, உடைந்த கால், மாறின பொசிஷன் எதுவும் அதில் தெரியாது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த பையனை யாரும் போட்டோவே எடுக்கலை. வாரனுக்கு ஸ்டார் இல்லாமல் போனதுக்கு அர்த்தம் திறமை இல்லைங்கறது இல்லை. பார்க்கறதுக்கு ஆள் வரலை, அவ்வளவுதான்.

அடுத்த நவம்பரிலும் ரெண்டு பக்கமும் கட்டம் போட்டு ஸ்டார் எண்ணுவாங்க. நானும் எண்ணுவேன், செம ஜாலியான வேலை அது. ஆனா கடைசிக் கட்டத்தை மட்டும் காலியா விட்டுடுவேன்.

வர்ட்டா? நெக்ஸ்ட் வீக் மீட் பண்ணுவோம்!