பேய் மட்டும் பெண்ணாம், பேனா ஆணாம்!

ஞாயிற்றுக்கிழமை. பெரிய மார்க்கெட்டை ஒட்டி காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் களைகட்டியிருக்கிறது. பனியன், பெல்ட், பிளாஸ்டிக் வாளிக்கு நடுவில் தரையில் விரித்த ஒரு பழைய புத்தகக் கடை. பி.காம். படிக்கிற ஒரு பெண் வந்து நிற்கிறாள்.

"அண்ணே, பேய்க்கதை இருக்கா? பொம்பளைங்க எழுதுனது வேணும்."

"ஏன் இல்லாம? இந்தா பாப்பா, இந்திரா சௌந்தர்ராஜன்."

"அவர் ஆம்பளைண்ணே."

கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இந்திரான்னு போட்டிருக்கே? சரி போகட்டும் என்று அடுத்த கட்டைப் பிரிக்கிறார். சுஜாதா. அதுவும் ஆம்பளை. இன்னொன்று, புஷ்பா தங்கதுரை. அவரும்! பக்கத்தில் கைடு பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பளைங்க பேய்க்கதை எழுதுனா யாரு பாப்பா பயப்படுவா? ரமணிசந்திரன் கீது, எடுத்துக்கினு போ."

என்ன கொடுமை சார் இது!

கடைக்காரர் மேல் தப்பில்லை, அவருக்கு வந்த சரக்கு அதுதான். ஆனால் அந்த மூன்று அட்டைகளையும் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். ரங்கராஜன் மனைவி பெயரில் சுஜாதா ஆனார். ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார். சௌந்தர்ராஜன் முன்னால் ஒரு இந்திராவைச் சேர்த்துக்கொண்டார். தமிழில் மர்மம், கொலை, ஆவி என்று விற்ற அலமாரியில் பெண் பெயருக்குப் பஞ்சமே இல்லை. பெண்ணுக்குத்தான் பஞ்சம். (மூவரும் நன்றாக எழுதியவர்கள். 'விடாது கருப்பு' பார்த்துவிட்டு ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2024 நவம்பரில் சௌந்தர்ராஜன் மறைந்தபோது வருத்தப்படாதவர்கள் குறைவு. சண்டை அவர்களோடு இல்லை.)

இப்போது அலமாரியின் உள்ளே போவோம். பேய் யார்? மோகினி. வெள்ளைப் புடவை, விரித்த தலை, மல்லிகைப்பூ, கால் கொலுசு. பழையனூர் நீலி, கணவன் கொன்றதால் பழிவாங்க வந்தவள், பெண். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் வேலைக்காரியாக வீட்டுக்குள் நுழைகிறவள் பெண். 2005-ல் வந்த சந்திரமுகியும் பெண்ணே. அதாவது செத்துப் பேயானால் பெண்ணுக்கு முழு இட ஒதுக்கீடு உண்டு. உயிரோடு உட்கார்ந்து பேயைப் பற்றி எழுத மட்டும் சீட் கிடையாது.

'காஞ்சனை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வந்த பேய்க்கதைகளில் அதைத் தாண்ட இன்றைக்கும் ஆள் இல்லை. அதைச் சொல்கிறவன் கணவன், ஒரு எழுத்தாளன். ராத்திரி தூக்கமில்லாமல் படுத்துக்கொண்டு அவன் பயப்படுகிறான். வாசலில் வந்து நின்ற அந்தப் பெண்ணை இரக்கப்பட்டு வீட்டுக்குள் சேர்த்தது யார்? அவன் மனைவி. பகலெல்லாம் அவளோடு புழங்கியது யார்? அந்த மனைவிதான். அவளுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியாத மாதிரி இருந்தாள் என்று அவள் வாயால் ஒரு கதை வந்திருந்தால்? புதுமைப்பித்தன் 1948-லேயே போய்விட்டார். அந்தக் கதையை இன்னும் யாரும் எழுதவில்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

சந்திரமுகியிலும் இதே கூத்துதான். கங்காவுக்குள் நடப்பது என்ன என்று கண்டுபிடிப்பது ஒரு ஆண் டாக்டர். அதைக் கணவனுக்கு விளக்குவதும் அவரே. கங்கா மட்டும் கண்ணை உருட்டிக்கொண்டு ஆட வேண்டும்.

"பெண்கள் இயல்பாகவே பயந்தவர்கள், அவர்களுக்குத் திகில் வராது" என்று ஒரு வாதம் வைப்பார்கள். இதைவிடத் தலைகீழான வாதம் உலகத்தில் இருக்க முடியாது. பயத்தைப் பற்றி எழுத, பயம் தெரிந்தவர் வேண்டுமா, தெரியாதவர் வேண்டுமா? ராத்திரி எட்டரை மணிக்கு டியூஷன் முடிந்து நடந்து வருகிற பெண், பின்னால் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே வருகிறவன் வேகத்தைச் சொல்லிவிடுவாள். அதே தெருவில் பையன் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவான். திகில் கதைக்கான ஹோம்வொர்க்கைத் தினமும் செய்கிறவள் அவள்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் பேய்க்கதையை உங்களுக்குச் சொன்னது யார்? தாத்தாவா? கரண்ட் போன ராத்திரியில், திண்ணையில், புளியமரத்தைக் காட்டிக் காட்டி ஆயாதானே சொன்னாள்? எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே சட்டென்று நிறுத்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த டைமிங் எந்த டைரக்டருக்கும் தெரியாது. வாயால் சொன்னால் ஆயா கதை, அதையே அச்சில் போட்டால் அண்ணாச்சி கதை. இது என்ன கணக்கு?

கணக்கு என்றதும் காமர்ஸ் பசங்க எழுந்து வருவார்கள். "டிமாண்ட் இல்லாததால்தான் சப்ளை இல்லை." கடையில் வைக்காத பொருளை எவன் கேட்பான்? பெண் எழுத்து என்றால் குடும்பம், காதல், மாமியார் என்று பத்திரிகைக்காரர்களே அறுபது எழுபது வருடம் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டார்கள். லக்ஷ்மியும் ரமணிசந்திரனும் அந்தப் பாத்தியில் ராஜ்ஜியம் நடத்தினார்கள் என்பது அவர்கள் திறமை. ஆனால் வேலி போட்டது அவர்கள் இல்லை.

வேலி எப்போதும் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகம் 'இந்திரமோகனா'வை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்தார். நூற்றுப் பதினைந்து நாவல்கள். ஆரம்ப காலத்தில் அவர் தொட்டது துப்பறியும் கதையைத்தான். நம் காலத்தில் அம்பை, சுதா குப்தா என்று ஒரு பெண் துப்பறிவாளரைப் படைத்தார். பெண்கள் கையில் கொலையைக் கொடுத்தால் அழகாகத்தான் செய்கிறார்கள் (கதையில் சொல்கிறோம்!).

வெளிநாட்டு உதாரணம் இல்லாமல் நம்மூர் ஆட்களுக்கு எதுவும் ஏறாது என்பதால் அதையும் சொல்லிவிடலாம். மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுத ஆரம்பித்தபோது வயது 18. நம் ஃபர்ஸ்ட் இயர் வயசு. 1818-ல் அது வெளிவந்தபோது அட்டையில் பெயரே இல்லை, புருஷன் எழுதியிருப்பார் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்புதான் அவர் தன் முதல் குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். செத்த உடம்புக்கு உயிர் வருகிற கதை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆராய்ச்சி மணி அடிக்க வேண்டியதில்லை. 1892-ல் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ஒரு சின்னக் கதை வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு மனசு சரியில்லாத மனைவியை, ஓய்வு என்ற பெயரில் ஒரு அறையில் வைத்துவிடுகிறான் டாக்டர் கணவன். அவளுக்குச் சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்துக்குப் பின்னால் ஒரு பெண் ஊர்வது தெரிகிறது. ரத்தமும் கிடையாது, பல்லும் கிடையாது. அன்பான புருஷன்தான் பயமுறுத்துகிறான்.

அதெல்லாம் வெள்ளைக்காரி சமாச்சாரம், நம் பண்பாட்டில் ஏது என்பவர்களுக்குத்தான் கடைசி ஆயுதம். ரொம்ப தூரம் போக வேண்டாம். இதே யூனியன் பிரதேசத்தில் இருக்கிற காரைக்காலுக்குப் பஸ் ஏறினால் போதும்.

புனிதவதி. வியாபாரி பரமதத்தனின் மனைவி. மாங்கனித் திருவிழா என்றதும் எல்லோருக்கும் மாம்பழம் ஞாபகம் வருகிறது. அதற்கப்புறம் நடந்ததை யோசியுங்கள். மனைவிக்குள் தனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது என்று பயந்து கப்பல் ஏறி ஓடியவன் கணவன். பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். தேடிவந்த முதல் மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்தான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று சதையை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டாள் அவள். சேக்கிழார் சொல்கிற கதை இது. மோகினியை அழகாகக் கற்பனை செய்த ஆண்கள் எல்லோரும் இந்த ஒரு இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

அதன்பிறகு அவர் எழுதியதாக வருவது திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம். சுமார் 6-ம் நூற்றாண்டு என்கிறார்கள். பரணியில் ஜெயங்கொண்டாரின் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுவதற்குப் பல நூறு வருடம் முந்தியது. எடுத்த எடுப்பிலேயே வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிவிழுந்த கண்ணோடு ஒரு பெண்பேய் சுடுகாட்டில் நின்று அலறுகிறது. தன்னையும் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். அதில் ஒரு பாட்டில் ஒரு தாய்ப்பேய் வருகிறது. பிணத்தின் கொழுப்பைத் தின்கிறது. பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைக்கிறது, புழுதியைத் துடைத்துவிடுகிறது, பால் கொடுக்கிறது, எங்கோ போய்விடுகிறது. அம்மா வரக் காணாமல் அழுது அழுதே அந்தக் குட்டிப்பேய் சுடுகாட்டில் தூங்கிப்போகிறது.

வெள்ளைப் புடவை மோகினிக்கு வீட்டில் குழந்தை இருக்குமா என்று நம் மந்திரவாதி நாவல்களில் எத்தனை பேர் கவலைப்பட்டார்கள்?

இந்த மண்ணில் பேயைப் பற்றி ஆரம்பத்திலேயே எழுதியவர்களில் ஒருவர் பெண். அதுவும் நம்ம காரைக்கால்காரம்மா. அவர் பாட்டைத்தான் பக்திக் கணக்கில் மட்டும் சேர்த்து, மஞ்சள் குங்குமத்தோடு அடுக்கிவைத்துவிட்டோம். இன்றைக்கு பிரதிலிபி மாதிரி செயலிகளில் பெண்கள் திகில் தொடர் எழுதித் தள்ளுகிறார்கள். அதில் மொக்கையும் உண்டு, நிஜமாகவே தூக்கம் கெடுப்பதும் உண்டு, ஆண்கள் எழுதுவதைப் போலவே. எழுதுகிறவள் வீட்டில் மட்டும் "நல்ல இடத்துலேருந்து பொண்ணு கேட்டு வர்ற நேரத்துல பேய் கீய்னு எதுக்கும்மா" என்கிற குரல் நின்றபாடில்லை. அந்தக் குரலையே முதல் அத்தியாயமாக வைத்து எழுதலாம், அவ்வளவு திகில்.

சண்டே மார்க்கெட் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் அந்தப் பெண் திரும்ப வந்து கேட்பாள். பதினோராம் திருமுறை பழைய பிரதி எங்கேயாவது சிக்கினால், சாமி புத்தகத்தோடு போடாமல் இந்திரா சௌந்தர்ராஜன் கட்டுக்கு மேலே வையுங்கள்.