யாருக்காகப் புதுப்பித்தனர்?
பாழடைந்த தொடர்மாடிகளைப் புதுப்பிப்பதை நாம் எதிர்க்கவில்லை. குடியிருந்த ஏழையை வெளியேற்றிப் புதுப்பிப்பதையே எதிர்க்கின்றோம். இங்கிலாந்தில் செஃபீல்ட் மாநகரசபை 1961இல் கட்டிமுடித்த பார்க் ஹில் தொடர்மாடியில் ஏறத்தாழ ஆயிரம் வீடுகள். அனைத்தும் தொழிலாளருக்கு வாடகைக்கு விடப்பட்டவை. பராமரிப்பின்றி அவற்றைச் சீரழியவிட்டனர். பின்னர் குடிகளை அகற்றிப் புதுப்பித்தனர். புதுப்பித்த முதற்பகுதியில் பெரும்பாலான வீடுகள் விற்பனைச் சரக்காயின!

பிரான்சின் போர்தோ நகரிலோ, 1960களில் எழுந்த மூன்று கட்டிடங்களின் 530 வீடுகளைப் புதுப்பித்தபோது எவரையும் விரட்டவில்லை. குடிகள் உள்ளே வாழ்ந்திருக்க, வெளிப்புறத்தே கண்ணாடிக் கூடங்களை இணைத்து வீடுகளை விரிவாக்கினர். 2019இல் ஐரோப்பியக் கட்டிடக்கலைப் பரிசும் அதற்கே கிடைத்தது.

ஆகவே, வழியில்லை என்பது வீண்சாட்டு. வரம்பைத் திருத்துவதற்காக உழவனையே வயலிலிருந்து விரட்டுவார் உண்டோ? சுவரின் அழகன்று, அதனுள் வாழ்பவர் யார் என்பதே நம் கேள்வி.