'தானே விழுந்தார்'

அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் என்னைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் வாசகம் இது: 'மிதிவண்டியில் சென்றபோது தானே கீழே விழுந்ததாகக் கூறுகிறார்.' நான் அப்படிக் கூறவில்லை. குழாய் பதிப்பதற்காகச் சாலையின் குறுக்கே வெட்டி, மண்ணைத் தள்ளி மூடி, ஐப்பசி மழையில் ஓரடி ஆழத்துக்கு உள்வாங்கிக் கிடந்த பள்ளத்தில் என் முன்சக்கரம் இறங்கியது என்றே கூறினேன். இரவுப் பணி முடியும் களைப்பில் இருந்த அந்த இளம் மருத்துவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. 'எந்த வண்டி மோதியது?' என்று அவர் கேட்டார். எதுவும் மோதவில்லை என்றேன். அதற்குமேல் எழுதுவதற்கு அவரிடம் வேறு சொல் இல்லை.

எனக்கு வயது 67. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தேன். அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் மிதிவண்டியில்தான் வேலைக்குச் சென்றேன். ஓய்வுபெற்ற பின்னர், விடியற்காலையில் ஆற்றங்கரைச் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்று திரும்புவது வழக்கமாகிவிட்டது. கடந்த நவம்பரில் விழுந்தபோது இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. எலும்பு இடம் விலகாததால் மூட்டை மாற்ற நேரவில்லை. மூன்று திருகாணிகளோடு முடிந்தது. ஆறு வாரம் இடது காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்கள்.

முதுமையில் எலும்பு முறிவைவிடக் கொடியது அதன் பிறகு வரும் படுக்கை. பத்து நாள் படுத்தாலே தொடைத் தசை கண்ணுக்குத் தெரிய வற்றுகிறது. இருபது வயதில் ஒரு மாதத்தில் திரும்பக் கிடைப்பது இந்த வயதில் அரை ஆண்டு கேட்கிறது. குளியலறைக்குச் செல்லும் பதினான்கு அடி தூரத்தை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கடப்பதற்கு நான் காலையிலேயே மனத்தைத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தது. ஏழாவது வாரம் இயன்முறை மருத்துவர் என்னை ஓர் உடற்பயிற்சி மிதிவண்டியில் ஏற்றி உட்காரவைத்தார். விழுந்தவனைச் சீர்செய்ய விழவைத்ததையே மருந்தாகத் தருகிறீர்களே என்றேன். 'சைக்கிள் விழாதுங்க சார், ரோடுதான் விழவைக்கும்' என்றார். மருத்துவப் பதிவேட்டைவிட அவருடைய கூற்று உண்மைக்கு நெருக்கமானது.

ஆனால், முழு உண்மை அதுவும் அன்று. என் முகப்பு விளக்கின் மின்கலம் இரண்டு நாளாகவே மங்கிக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டும் என்று நினைத்து மாற்றாமல் விட்டேன். பிறகு எடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் என் எலும்புகள் வயதுக்கு மீறி மெலிந்திருப்பது தெரிந்தது. மிதிவண்டி இதயத்துக்கு நல்லது. உடலின் எடையை இருக்கையே தாங்கிவிடுவதால் எலும்புக்கு அது பெரிதாக உதவுவதில்லை. நடையும் எடைப் பயிற்சியும் வேண்டியிருந்த இடத்தில் சக்கரத்தை மட்டும் நம்பியது என் பிழை. ஆக, 'தானே' என்ற சொல்லில் கால்பங்கு எனக்கு உரியதுதான். மீதி முக்கால்பங்கு யாருடையது என்பதே என் கேள்வி.

விபத்தில் பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவு எவ்வளவு, எதிர்த்தரப்பின் கவனக்குறைவு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் முறை நம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால், அந்த வாசலைத் திறக்கும் சாவி ஒரு மோட்டார் வாகனம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு, தவறு யாருடையது என்று பாராமலே உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தரச் சொல்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவிக்கை செய்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம், ஏழு நாள்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். இரண்டுக்கும் மோட்டார் வாகனப் பயன்பாட்டால் நேர்ந்த விபத்து என்பதே அடிப்படை. மிதிவண்டியும் பள்ளமும் மட்டுமே சம்பந்தப்பட்ட விபத்து இவற்றுக்கு வெளியே நிற்கிறது. காவல் நிலையத்திலும் இதே கதைதான். என் மகன் சென்றபோது அன்பாகவே பேசினார்கள். எதிரி வாகனத்தின் எண் இல்லாததால் மனு ஏற்புச் சான்று தரலாம், முதல் தகவல் அறிக்கை எதற்கு என்றார்கள். அவனுக்கும் பதில் தெரியவில்லை; சான்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

முதல் தகவல் அறிக்கை எதற்கு என்றால், நாட்டின் விபத்துக் கணக்கு அதிலிருந்துதான் பிறக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை, மாநிலக் காவல் துறைகள் தரும் விவரங்களின் தொகுப்பு. 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்றும், அவர்களில் சாலைப் பள்ளங்களால் இறந்தோர் 1,856 பேர் என்றும் அது கூறுகிறது. மரணத்தை மறைப்பது கடினம்; எனவே அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். எலும்பு முறிந்து உயிர்பிழைத்தவர்களின் எண்ணிக்கையை நான் நம்பவில்லை. அதில் நான் இல்லை என்பது எனக்கே தெரியும்.

என்னைத் தூக்கியவரும் இல்லை. அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரவுக் காவலாளி, அறுபதைக் கடந்தவர், பணி முடிந்து மிதிவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். அவருடைய இடது மணிக்கட்டில் மூங்கில் தப்பையும் முட்டைப்பற்றும் வைத்த கட்டு இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அதே பள்ளத்தில் விழுந்திருக்கிறார். நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு அன்றிரவே வேலைக்குப் போயிருக்கிறார். விடுப்பு எடுத்தால் சம்பளம் இல்லை. மூன்று நாள் வராவிட்டால் வேலையே இல்லை. மருத்துவமனைக்கும் போகவில்லை, காவல் நிலையத்துக்கும் போகவில்லை. 'தானே விழுந்தார்' என்ற பொய்யான ஒரு வரிகூட அவருக்காக எங்கும் எழுதப்படவில்லை.

மிதிவண்டியைப் பற்றிப் பேசும்போது நம் மனக்கண்ணில் தலைக்கவசமும் வண்ண உடையும் அணிந்த நகரத்து இளைஞர் வருகிறார். அல்லது என்னைப் போன்ற ஓய்வூதியர் வருகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் குடும்பங்களில் 44.8 சதவீதத்தினரிடம் மிதிவண்டி இருந்தது. வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் சாராத தொழிலாளர்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் அதில்தான் வேலைக்குச் சென்றார்கள். அதன் பிறகு பல ஆண்டுகளாகக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. மோட்டார் சைக்கிள் பெருகிவிட்டது. இன்றும் அதிகாலையில் சாலையோரம் நின்று பாருங்கள்: காவலாளி, கொத்தனாருக்குக் கையாள், பால்காரர், பூக்கூடை கட்டியவர். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் பைக்குக்கு மாறிவிட்டார்கள், இவர்கள் மாறவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அது என் தொழில். ஒருவர் மிச்சப்படுத்தும் செலவு இன்னொருவர் தலையில் விழும்போது சந்தையின் விலை பொய் சொல்கிறது என்பதை ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1920-இல் விரிவாக எழுதினார். சாலையை வெட்டுவோரிடம் உள்ளாட்சி அமைப்புகள் மறுசீரமைப்புக் கட்டணம் வசூலிப்பது, அறிந்தோ அறியாமலோ, அவர் காட்டிய வழிதான். கட்டணம் வசூலாகிறது. பள்ளத்தை அடுக்கடுக்காக இறுக்கி, ஜல்லியிட்டு, தாரிட்டு மூட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் ஒரு குறுக்கு வெட்டில் மிஞ்சுவது சில ஆயிரம் ரூபாய். அதன் மறுபக்கம் என் வீட்டில் இருக்கிறது. அறுவைச் சிகிச்சையை ஓய்வூதியர் காப்பீடு பெருமளவு ஏற்றுக்கொண்டது. வாக்கர், இயன்முறைச் சிகிச்சை, ஆட்டோ, மருந்து எல்லாம் கைப்பணம்.

அதைவிடப் பெரிய செலவுக்கு ரசீது கிடையாது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான என் மனைவி ஒன்பது வாரம் நாளுக்கு ஆறு மணி நேரமாவது எனக்காக உழைத்தார். 378 மணி நேரம். பராமரிப்பாளரை அனுப்பும் நிறுவனம் ஒன்று நாளுக்கு 900 ரூபாய் கேட்டது. அந்த விலையில் 56,700 ரூபாய். இந்தக் கணக்கை நான் பெருமையோடு காட்டியபோது, 'இதில் என் முதுகுவலி எந்தப் பத்தியில் வருகிறது?' என்று கேட்டார். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் நடத்தி 2021-இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வும், விபத்துக்குப் பிந்தைய பராமரிப்புச் சுமை வீட்டுப் பெண்கள்மீது இறங்குவதைப் பதிவுசெய்திருக்கிறது. வகுப்பில் இவற்றையெல்லாம் நான் கற்பித்ததுண்டு. கட்டிலில் படுத்துப் பார்த்தபோதுதான் எண்கள் எழுந்து நடமாடின.

முதியவர் என்பதால் இன்னொரு கழிவும் உண்டு. விபத்து இழப்பீட்டில் வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்கும் முறையை உச்ச நீதிமன்றம் 2009-இல் சர்ளா வர்மா வழக்கில் சீர்ப்படுத்தியது. 25 வயதுவரை 18 என்று தொடங்கும் அது, 65-ஐக் கடந்தோருக்கு 5 என்று இறங்கிவிடுகிறது. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கின்படி, அறுபதைக் கடந்தவருக்கு எதிர்கால வருமான உயர்வு என்ற கூடுதலும் இல்லை. வருமானத்தை அளவுகோலாகக் கொண்டால் இதில் தர்க்கப் பிழை கிடையாது. நானே தீர்ப்பாயத்தில் அமர்ந்தாலும் இப்படித்தான் பெருக்குவேன். ஆனால், நான் இழந்தது வருமானத்தை அன்று. பிறரை எதிர்பாராமல் ஓரிடத்துக்குப் போய்வரும் திறனை இழந்தேன். அதற்குப் பெருக்கெண் கிடையாது.

எனவேதான் எல்லோருக்கும் மிக மலிவான தீர்வு, முதியவர் வண்டியை விட்டு இறங்கிவிடுவது. மகள் தொலைபேசியில் அழுதாள்: 'போதும்ப்பா, வண்டியை யாருக்காவது கொடுத்துடுங்க.' அவளுடைய அச்சம் நியாயமானது. இன்னொரு முறை இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை நான் அறிவேன். ஆனால், பள்ளத்தை மூட வேண்டியவருக்கும் அதே தீர்வுதான் வசதி. காவலாளிக்கு அந்தத் தீர்வும் இல்லை. வண்டியை விட்டால் வேலைக்குப் போக முடியாது.

நெதர்லாந்தில் மிதிவண்டி விபத்துகளை மருத்துவமனைப் பதிவுகளையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். கடுமையாகக் காயமடையும் மிதிவண்டியோட்டிகளில் பெரும்பான்மையோர் எந்த மோட்டார் வாகனமும் மோதாமல் விழுந்தவர்கள் என்பதும், அவர்களில் முதியோர் மிகுதி என்பதும் அப்படித்தான் அங்கே தெரியவந்தது. தெரிந்த பிறகு பாதையின் விளிம்பு, நடுவே நிற்கும் கம்பம், தளத்தின் வழுக்கல் ஆகியவை ஆய்வுக்கு உரியவை ஆயின. இங்கே முதல் படி மிகச் சிறியது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் 'சாலையின் நிலை' என்று ஒரு பத்தியும், விழுந்த இடத்தைக் குறிக்க ஒரு வரியும் இருந்தால் போதும். ஒரே இடம் மூன்று முறை வந்தால் அது தற்செயல் ஆகாது.

சட்டத்தில் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறியதால் மரணமோ உடல் ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அபராதம் அரசின் விபத்து நிதிக்குப் போகும், விழுந்தவருக்கு வராது. கோடிகளில் நடக்கும் ஒப்பந்தத்தில் ஒரு லட்சம் என்பது, அதுவும் பிடிபட்டால் மட்டும், யாரையும் உறங்கவிடாமல் செய்யும் தொகை அன்று. 2025 அக்டோபர் 13-இல் மும்பை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதைவிடக் கூர்மையானது. சாலைப் பள்ளத்தாலோ மூடப்படாத சாக்கடைக் குழியாலோ இறந்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்தவருக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரையும் பொறுப்பான அமைப்புகள் தர வேண்டும். அதைத் தவறிழைத்த அதிகாரிகளிடமும் ஒப்பந்ததாரர்களிடமும் வசூலிக்க வேண்டும் என்றது. அந்த நீதிமன்றத்தின் ஆள்வரைக்கு வெளியே அது கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டில் இதை அரசாணையாகவே கொண்டுவர என்ன தடை? சாலை வெட்டுக்கான வைப்புத் தொகையை, ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்து தளம் உள்வாங்காமல் இருந்தால் மட்டுமே திருப்பித் தருவது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் புதிய நிதி தேவையில்லை.

அந்தப் பள்ளம் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. மறுசீரமைப்புக் கட்டணம் முழுமையாகப் பெறப்பட்டுவிட்டது. மறுசீரமைப்புப் பணி பரிசீலனையில் உள்ளது. விபத்து எதுவும் பதிவாகவில்லை.

சென்ற வாரம் கைத்தடியோடு அந்த இடத்துக்கு நடந்து சென்றேன். வண்டியில் ஏற இன்னும் ஒரு மாதம் ஆகும் என்கிறார் மருத்துவர். மகளிடம் இதுவரை சொல்லவில்லை. பள்ளத்தின் நடுவில் ஒரு வேப்பங்கிளை நடப்பட்டிருந்தது, தொலைவிலிருந்தே தெரிந்தது. காவலாளி வண்டியை நிறுத்தி இறங்கினார். அவர் மணிக்கட்டு சற்றுக் கோணலாகவே கூடியிருக்கிறது. இடது கையால் பிரேக்கை அழுத்த முடியவில்லை, வலது கையும் செருப்புக் காலும் கொண்டு நிறுத்துகிறார். கிளை அவர் நட்டதுதான். இலை காய்ந்தால் இருட்டில் தெரியாது என்பதால் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறாராம்.