சங்கிலுமா உயர்வு தாழ்வு?

கடலடி மணலில் ஊர்ந்து புழுக்களைத் தின்று பிழைக்கும் ஒரு நத்தையின் ஓட்டுக்குத்தான் சங்கு என்று பெயர். இந்த ஓட்டுக்கு நம் பழைய நூல்களில் ஓர் அடுக்கு சொல்லப்பட்டிருக்கிறது. அதாவது ஆயிரம் சிப்பிக்கு நடுவில் ஓர் இடம்புரியாம். ஆயிரம் இடம்புரிக்கு நடுவில் ஒரு வலம்புரியாம். ஆயிரம் வலம்புரிக்கு ஒரு சலஞ்சலமாம். ஆயிரம் சலஞ்சலத்திற்கு ஒரு பாஞ்சசன்னியமாம். மனிதனைப் படிப்படியாக அடுக்கி வைத்த புத்தி நத்தையை மாத்திரம் விட்டு வைக்குமா? எண்ணிப் பார்த்தவர் யார், எந்தக் கடலில் என்று கேட்டால் பதில் கிடையாது.

உடலைப் பார்த்து வகுத்தவர்கள் சொல்வதென்ன? சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1767-ல் பேரிக்காயின் பெயரால் இதற்குப் 'பைரம்' என்று பெயரிட்டார். பகவான் கையிலிருப்பது பேரிக்காய்! 1798-ல் ரோடிங் என்ற ஜெர்மானியர் சங்கு என்ற சொல்லிலிருந்தே 'சாங்கஸ்' என்று பேரினப் பெயர் வைத்தார். மறுவருஷம் லாமார்க் 'டர்பினெல்லா' என்றார். 1957-ல் விலங்குப் பெயர்களுக்கான சர்வதேசக் கமிஷன் முந்தியதைத் தள்ளிப் பிந்தியதையே நிலைநிறுத்தியது. நம் சொல் போனதில் நமக்குச் சிறிது வருத்தந்தான். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறு. வலம்புரியும் இடம்புரியும் டர்பினெல்லா பைரம் என்ற ஒரே இனமேயாகும். முட்டைக்குள் கரு பிளக்கத் தொடங்கும்போதே அபூர்வமாய் ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பி விடுகிறது. சிலருக்கு இருதயம் வலப்பக்கம் அமைவது போல. அதிலும் வேடிக்கை, விலங்கியலார் நம் வலம்புரியை 'இடச்சுருள்' என்கிறார்கள். அவர்கள் கூர்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். நம்மவர் கீழே வைத்துப் பார்க்கிறார்கள். ஓட்டைத் தலைகீழாய்ப் பிடித்தால் வலம் இடமாகிறது. இதற்கா லட்சுமி கடாட்சம்?

அமெரிக்கக் கடற்கரையில் மின்னல் நத்தை என்று ஒன்றுண்டு. குடும்பமே வேறு. அது பிறவியிலேயே இடச்சுருள் இனம். அங்கே சாதாரணமாய்க் கிடைப்பது. டெக்சாஸ் மாகாணம் 1987-ல் அதைத் தன் மாகாணச் சிப்பியாகவே வைத்துக்கொண்டது. அந்த ஓடுதான் இங்கே வலம்புரியென்று பூஜையறைக்கு விற்கப்படுகிறது. கடன் வாங்கி அதை வாங்கியவன் தினமும் பால் ஊற்றிக் கும்பிடுகிறான்.

வாங்கியவர்கள் வாய்க்குள் உள்தண்டைத் தடவிப் பார்க்கட்டும். நம் சங்கானால் மூன்று நான்கு வரப்புகள் விரலில் தட்டும். அமெரிக்க ஓட்டில் அப்படித் தட்டாது.