இன்ஸ்டால் பண்ணத் தெரியாதா உனக்கு?

அறிவியல் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்விகளிலேயே சோம்பேறித்தனமானது இதுதான்: "சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணக்கூடத் தெரியாதா உனக்கு?" கேட்பவர் பெரும்பாலும் ஆய்வு வழிகாட்டி. அவர் கடைசியாக எந்த மென்பொருளைத் தன் கையால் நிறுவினார் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

ராயப்பேட்டையில் பீட்டர்ஸ் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருக்கிறேன். மென்பொருள் வேலை. சுற்றிலும் கல்லூரிகள் என்பதால் மாதம் இரண்டு மூன்று பேராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "அண்ணா, குரோமாக்ஸ் ஏற மாட்டேங்குதுண்ணா." குரோமாக்ஸ் என்பது புரதம் போன்ற மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் மென்பொருள். 1990களில் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. காசு கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது வளர்ந்த வீடு யூனிக்ஸ். நம் பிள்ளைகளின் மடியில் இருப்பதோ விண்டோஸ். சண்டை அங்கே ஆரம்பிக்கிறது.

அந்தச் சண்டை எப்படிப்பட்டது என்று மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, இனிஷியல். புது லேப்டாப் பெயர் கேட்கும்போது, சான்றிதழில் உள்ளபடி இனிஷியல், ஒரு இடைவெளி, பெயர் என்று அடிக்கிறோம். அந்த இடைவெளி ஃபோல்டரின் பெயரிலும் ஏறிவிடுகிறது. யூனிக்ஸ் கட்டளைகளில் இடைவெளி என்றால் ஒரு சொல் முடிந்தது என்று பொருள். ஆகவே கவனக்குறைவாக எழுதப்பட்ட நிறுவல் நிரல், அப்பாவின் முதலெழுத்தைத் தனியாகவும் பிள்ளையின் பெயரைத் தனியாகவும் பிரித்துப் படித்துவிட்டு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று நின்றுவிடும்.

இரண்டாவது, வரி முடிவு. பழைய டெலிபிரிண்டரில் ஒரு வரி முடிந்தால் இரண்டு வேலை: அச்சுமுனை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி ஏற வேண்டும். விண்டோஸ் இன்றைக்கும் வரிக் கடைசியில் அந்த இரண்டு குறிகளையும் போடுகிறது. யூனிக்ஸுக்கு ஒன்றே போதும். நோட்பேடில் எழுதிய கட்டளைக் கோப்பை லினக்ஸில் ஓடவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த உபரிக் குறி தடுக்கி விழவைக்கும். கண்ணுக்கே தெரியாத எழுத்தை ஒரு எம்எஸ்சி மாணவி எப்படிக் கண்டுபிடிப்பாள்?

மூன்றாவது, ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. அதில் மட்டும் வேறுபடும் இரண்டு பெயர்கள் யூனிக்ஸுக்கு இரண்டு கோப்புகள். விண்டோஸுக்கு வழக்கமாக இரண்டும் ஒன்றுதான். விரித்தெடுக்கும்போது ஒன்றின் மேல் இன்னொன்று ஏறிக்கொள்ளும்.

இதில் எங்கே இருக்கிறது மாணவரின் மக்குத்தனம்? இவை எல்லாம் வேறு யாரோ, வேறு ஏதோ காரணத்துக்காக, அவர்கள் பிறப்பதற்கு முன்பே எடுத்த முடிவுகள். இதைக் கற்றுத்தர ஒரு வகுப்புகூட இல்லாத பாடத்திட்டம், கற்காததற்குப் பிள்ளையைத் திட்டுகிறது.

"இதெல்லாம் பழைய கதை, இப்போ ஒரே கமாண்ட்தான்" என்பார்கள். உண்மைதான். 2016-லிருந்து விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட் வழிசெய்திருக்கிறது. ஆனால் இப்போது வழக்கமாக ஏறும் அதன் இரண்டாம் பதிப்புக்கு, கணினியின் பயாஸில் மெய்நிகராக்க வசதி திறந்திருக்க வேண்டும். நிர்வாகி அனுமதியும் வேண்டும். ஆய்வகக் கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? லேப் அசிஸ்டென்டிடம். அவர் லீவு. வீட்டு லேப்டாப்பில் நான்கு ஜிபி நினைவகம். விண்டோஸுக்கே மூச்சு வாங்குகிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "விண்டோஸைத் தூக்கிப் போட்டுட்டு லினக்ஸ் போடு." லினக்ஸ் எனக்கும் பிடிக்கும், தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் அந்த லேப்டாப் அவளுடையது மட்டும் இல்லை. அதில்தான் தம்பி டேலி படிக்கிறான், அப்பா கடைக் கணக்கு வைத்திருக்கிறார். ஒரு வீட்டுக்கு ஒரே கணினி என்பது தெரியாதவர்கள் மட்டுமே இவ்வளவு சுலபமாக அறிவுரை சொல்ல முடியும்.

நம் ஊருக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. இங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றுக்குள், தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004-லேயே கப்ரு என்ற லினக்ஸ் கணினித் தொகுப்பை நிறுவி ஒரு டெராஃப்ளாப் வேகத்தை எட்டியது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் எங்கள் தெருவில் நான் பார்த்த இலவச லேப்டாப்களில் பாஸ் தங்கவில்லை. "எடத்த அடைக்குது" என்று கடையில் அழித்துவிட்டார்கள். வகுப்பில் யாரும் திறந்து காட்டாத ஒன்றை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பொருளைக் கொடுத்தோம், பழக்கத்தைக் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு என் பதில் கொஞ்சம் கசப்பானது. நம் கல்லூரிகளில் நிறுவுவது 'வேலை', அதன்பின் வருவதுதான் 'அறிவு'. ஸ்பேனர் பிடிப்பவன் ஒருவன், சமன்பாடு எழுதுபவர் இன்னொருவர் என்ற பழைய பிரிவினை கணினிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. கையை அழுக்காக்குவது கீழானது என்று நூற்றாண்டுகளாக நம்பிய சமூகம், கட்டளைத் திரையையும் அப்படித்தான் பார்க்கும்.

ஆனால் அறிவியலில் நிறுவுதல் வாசலுக்கு வெளியே நடக்கும் வேலை இல்லை. எந்தப் பதிப்பு, எந்தக் கணித நூலகம், ஒற்றைத் துல்லியமா இரட்டைத் துல்லியமா என்பதைப் பொறுத்து விடையின் கடைசி இலக்கங்கள் மாறலாம். தன் கருவி எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியாதவர், தன் முடிவு ஏன் பக்கத்து ஆய்வகத்தில் வரவில்லை என்று எப்படிச் சொல்வார்? 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நாளை அவற்றில் இடம் கேட்கப்போகும் பிள்ளையிடம் இன்று, "யாராவது தெரிஞ்ச பையன்கிட்ட குடுத்துப் போட்டுக்கோ" என்கிறோம்.

அந்தத் தெரிந்த பையன் நான்தான். எனக்கு இதில் சலிப்பில்லை. வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து உட்கார்ந்து செய்து தருவேன். ஆனால் சந்தில் இப்படி ஓர் அண்ணன் கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? பெரும்பாலும் தலைப்பை மாற்றிக்கொள்ளும். சொந்தத் திறமைக்குப் பொருந்திய ஆய்வை விட்டுவிட்டு, இருக்கிற கணினியில் ஓடக்கூடிய ஆய்வைத் தேர்ந்தெடுக்கும். அந்த இழப்பு எந்த மதிப்பெண் பட்டியலிலும் பதிவாவதில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. முதல் பருவத்தில் இரண்டு வாரம் ஆய்வக நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள், மதிப்பெண்ணும் கொடுங்கள். துறைக்கு நான்கு லினக்ஸ் கணினிகள் வையுங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. சென்ற வருடம் பட்ட பாட்டை இந்த வருடத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வழிகாட்டி ஒருமுறையாவது மாணவியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தச் சிவப்பு எழுத்துகளை அவளோடு சேர்ந்து படியுங்கள். அதன்பிறகு கேளுங்கள், "இன்ஸ்டால் பண்ணத் தெரியாதா உனக்கு?" என்று.