பொருத்தினால் போதுமா?
எரிபொருள் செலவு குறையட்டும் என்று நம்மில் பலர் காரில் சிஎன்ஜி கிட் பொருத்துகிறோம். அத்துடன் பொறுப்பு முடிந்தது என்றும் எண்ணிவிடுகிறோம். ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் எரிவாயுவைத் தாங்கும் சிலிண்டரை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், குழாய் இணைப்புகளையும் உரிய காலத்தில் கவனிக்க வேண்டும்.

பதிவுச் சான்றிதழில் மாற்றம் பதிவாகியுள்ளதா, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தோமா என்பதைச் சரிபார்ப்பதும் பராமரிப்பே. தெரிவிக்காத மாற்றத்தால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். வாகனம் போனாலும் கடன் தவணை நிற்காது.

சோதனைக் கட்டணத்தை மிச்சப்படுத்துவது சிக்கனமன்று என்பதே நம் கருத்து. மாதந்தோறும் மிச்சமாகும் எரிபொருள் செலவில் ஒரு சிறு பகுதியை இதற்கெனத் தொடர் வைப்பில் சேர்த்து வருவோம்.