துண்துணே வாசிப்பவரின் பெயர் என்ன?

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் எங்கள் குடியிருப்பின் கணபதி விழாவில் வருடம் தவறாமல் ஒலிக்கும் பாட்டு ‘வாஜ்லே கி பாரா’. 2010-இல் வந்த ‘நடரங்’ மராத்திப் படத்து லாவணிப் பாட்டு, அஜய்-அதுல் இசை. டோலகியின் முதல் அடி விழுந்ததும் பாட்டிகள்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். மராத்தி சரியாக வராத நம் தமிழ்ப் பிள்ளைகளும் ஆடுவார்கள்.

அந்தப் பாட்டு எனக்கு உயிர். லாவணி என்றாலே முகம் சுளித்த வீடுகளின் கூடத்துக்குள் லாவணியை உட்கார வைத்த பாட்டு அது. ஆனால் ஆடுகிறவர்களிடம், லாவணிக்கு மீட்டும் துண்துணே என்ற வாத்தியம் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். புனேயிலேயே பிறந்த பலருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். என் அப்பா பாபநாசம் பக்கத்துக் கிராமத்துக்காரர். மாசி மாதம் காமன் பண்டிகையில் லாவணி கேட்க என்னைத் தோளில் தூக்கிப் போவார். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, விடிய விடியப் பாட்டிலேயே வழக்கு. தஞ்சையை 1676 முதல் ஆண்ட மராட்டியரோடு வந்த கலை அது. ஒற்றைத் தந்தி கட்டிய துந்தனாவை ஒருவர் மீட்டிக்கொண்டே நிற்பார்.

வேலைக்கு இங்கே வந்த பிறகு, எங்கள் ஷிப்டில் இருந்த ஜுன்னர்க்காரர் ஒருவர், “வா அண்ணா” என்று நாராயண்காவுக்கு அழைத்துப் போனார். புனேயிலிருந்து நாசிக் சாலையில் இரண்டு மணி நேரம். லாவணி ஆடும் தமாஷாக் கூத்து மேடையின் ஓரத்தில் என் அப்பாவின் துந்தனா நின்றது! மரக்குடம், அடியில் தோல், நடுவே ஒரே தந்தி. இங்கே அதற்குப் பெயர் துண்துணே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாராயண்காவை தமாஷாவின் பண்டரிபுரம் என்பார்கள். யுகாதி நெருங்கும்போது குழுக்காரர்கள் அங்கே கூடாரம் போட்டுக் காத்திருப்பார்கள். ஊர்த் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வந்து விலை பேசி, முன்பணம் தருவார்கள். தமாஷாக் கலைஞர் விட்டாபாயின் ஊர் அதுதான். நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடிக்கொண்டிருந்தவர் மேடைக்குப் பின்னால் பிள்ளை பெற்று, கல்லால் தொப்புள்கொடியை அறுத்துவிட்டுத் திரும்பி வந்து ஆடினார். குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கிய அவர் கடைசிக் காலத்தில் வறுமையில் வாடி 2002-இல் இறந்தார். இன்று அவர் பெயரில் மாநில அரசு விருது கொடுக்கிறது. இருந்தபோது கொடுத்திருக்க வேண்டிய சோறு அது.

பாட்டு ஜெயித்தால் கலை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். நான் ஏற்கவில்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் வந்த படம். சிவாஜிக்காக நாகஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று நமக்கு இன்றும் தெரியும். பெயர் தெரிந்ததால்தான் அவர்களைத் தேடி மக்கள் போனார்கள். ‘வாஜ்லே கி பாரா’வில் டோலகி வாசித்தவர் யார் என்று எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, அது எனக்கு வெட்கம்.

புனேயில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் யுகாதிக்கு முன் நாராயண்காவ் போங்கள், ஒரு தமாஷாவை முழுதாகப் பாருங்கள். அடுத்த பொங்கல் விழாவில் ஒலிபெருக்கிப் பாட்டுக்குப் பதில் ஒரு குழுவை அழையுங்கள். பேசிய பணத்தை முன்னதாகவே கொடுங்கள். நடனக்காரியின் பெயரோடு, டோலகிக்காரர், துண்துணேக்காரர் பெயர்களையும் கேட்டு வாங்கி மேடையில் உரக்கச் சொல்லுங்கள்.